தர்மபுரத்தில் ஒரு திருத்தம்

வவுனியாவைத் தாண்டியதும் சாலையின் ஒரு பாதி நெல்லாகிவிட்டது. பெரும்போக அறுவடை முடிந்த பங்குனி மாதம். நீலத் தார்ப்பாய்களை விரித்து, நெடுஞ்சாலை ஓரம் முழுக்க நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். எங்கள் மதுரைப் பக்கத்திலும் சாலையில் கொள்ளும் கேழ்வரகும் கிடக்கும். ஆனால் வண்டிச் சக்கரம் ஏறி மணியைப் பிரித்துத் தரட்டும் என்று போடுவார்கள். இங்கே வண்டிகள் விலகிப் போயின. பேருந்தும் லாரியும் இராணுவ வண்டியும் ஒரே வரிசையில் நின்று, எதிர்ப்பக்கம் காலியானதும் நகர்ந்தன. ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை. பன்னிரண்டு நெல்விரிப்புகள் வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

கனகராயன்குளத்தில் பேருந்து நின்றுவிட்டது. எஞ்சினில் ஏதோ பெல்ட் அறுந்திருந்தது. ஓட்டுநர் பயணிகளைப் பார்த்துச் சிங்களத்தில் பேசினார். பக்கத்தில் இருந்த ஜெசிந்தா எனக்குத் தமிழில் சொன்னார்: "பத்து நிமிஷமாம். கோபிக்க வேண்டாமாம்."

நடத்துநர் அதைத் திருத்தினார். "அவர் பத்து நிமிஷம் எண்டா ஒரு மணித்தியாலம். இறங்கித் தேத்தண்ணி குடியுங்கோ."

ஜெசிந்தாவும் அவர் கணவர் சந்திரனும் மிஷனரிகள். இருவரும் வன்னியில் பிறந்தவர்கள். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டு ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் ஏழு வருடமாக ஊழியம் செய்கிறார்கள். இந்த ஏழு வருடத்தில் ஊருக்கு வருவது இதுவே முதல் தடவை. நான் ஒரு நாளிதழில் இருபத்திரண்டு வருடம் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது மிஷனரிகளின் கடிதங்களை அச்சிடும் சிறிய மாத இதழ் ஒன்றைத் தொகுக்கிறேன். அவர்கள் வீட்டுக்கு வரும் பயணத்தை எழுதுவதற்காக உடன் வந்தேன். வெளியில் சொல்லிக்கொண்ட காரணம் அது.

தேநீர்க் கடையில் வாய்ப்பன் என்ற ஒன்றைத் தந்தார்கள். வாழைப்பழம் பிசைந்த மாவில் பொரித்த, கைக்குள் அடங்காத உருண்டை. நான் இரண்டாவதைக் கடித்தபோது கணவனும் மனைவியும் தங்களுக்குள் சிச்சேவா மொழியில் பேசத் தொடங்கினார்கள். மலாவியின் மொழி அது. மற்றவர்களுக்குப் புரியக் கூடாதவற்றை அதில்தான் பேசிக்கொள்வார்கள் என்பது விமான நிலையத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல். "சிவலிங்கம்."

சிவலிங்கம் சந்திரனின் அண்ணன். தர்மபுரத்தில் விவசாயம் செய்கிறார். மூன்று வருடமாகத் தம்பியுடன் பேசுவதில்லை. அதற்குக் காரணம் எங்கள் இதழ்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் இதழின் ஒரு பக்கத்தில் இரண்டு பத்திகள் உண்டு. 'ஜெபிப்போம்' இடது பக்கம், 'துதிப்போம்' வலது பக்கம். சந்திரன் மலாவியிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். தன் அண்ணன் குடிக்கு அடிமையாகிவிட்டார், அவருடைய விடுதலைக்காக ஜெபியுங்கள் என்று கேட்டிருந்தார். பெயர், ஊர் எல்லாம் இருந்தன. இடம் இல்லாததால் அந்தக் கடிதம் என் மேசையில் எட்டு மாதம் கிடந்தது. பிறகு அப்படியே அச்சானது. நாளிதழில் இருந்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பாவது செய்திருப்பேன். ஜெபக் குறிப்புதானே என்று விட்டுவிட்டேன். எட்டு மாதத்தில் ஒரு மனிதன் குடியை விட்டுவிடக்கூடும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

இதழ் எப்படியோ கிளிநொச்சிக்கு வந்தது. ஜெபக் குழு ஒன்று தர்மபுரத்தில் திறந்தவெளிக் கூட்டம் வைத்தது. இதழைக் கையில் வைத்துக்கொண்டு, "முத்தையா சிவலிங்கம் என்ற சகோதரனைக் குடியின் பிடியிலிருந்து விடுவியும்" என்று ஒலிபெருக்கியில் மன்றாடினார்கள். நான்கு தெருக்களுக்குக் கேட்டதாம்.

"கடவுளுக்கு விலாசம் தெரியாதோ, அக்கா?" என்று கனகராயன்குளத்தில் ஜெசிந்தா என்னிடம் கேட்டார். "பேரும் ஊரும் போட்டுத்தான் அவருக்கு அறிவிக்க வேணுமோ?"

சந்திரன் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்து புறப்பட ஒரு மணி பத்து நிமிடம் ஆனது.

*

முதல் இரண்டு நாள் முல்லைத்தீவுக் கடற்கரையில், ஜெசிந்தாவின் அக்கா பிலோமினா வீட்டில் தங்கினோம். கத்தோலிக்க மீனவக் குடும்பம். வீட்டுக்கு முன்னால் கடல், பின்னால் நடந்து போகும் தூரத்தில் அவர்கள் களப்பு என்று சொல்லும் உப்பங்கழி. இரண்டு நீரையும் ஒரே காற்றில் முகர முடிந்தது. கடல் உப்பு, களப்பு சேறு.

பிலோமினா பெரிய குரல்காரர். தங்கையை வாசலில் கட்டிப்பிடித்து அழுதார். அழுதுகொண்டே அவருடைய மெலிந்த கையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "பாருங்கோ, ஆப்பிரிக்காவில சாப்பாடே குடுக்கேல்லை!" பிறகு சந்திரனின் வயிற்றைப் பார்த்தார். "இவருக்கு மட்டும் குடுத்திருக்கினம்."

ஜெசிந்தா கலியாணத்துக்குப் பிறகு கணவரின் சபைக்குப் போனவர். மாதா சுரூபத்துக்கு முன்னால் அவர் கும்பிடாமல் நிற்பதைப் பிலோமினா கவனித்தார். "நீ அவாவைக் கும்பிடாட்டியும் பரவாயில்லை. அவா உன்னைப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனார். அதற்குமேல் மதம் பற்றி அந்த வீட்டில் ஒரு சொல் இல்லை.

விடிந்ததும் படகுகள் திரும்புவதைப் பார்க்கப் போனோம். பிலோமினாவின் கணவர் அன்ரன் வலையை மணலில் போட்டதும் குடும்பமே சுற்றி உட்கார்ந்தது. வலைக் கண்ணிலிருந்து மீனைக் கிழியாமல் எடுப்பதற்கு ஒரு திருகல் இருக்கிறது. நான் முயன்றேன், மூன்று மீனின் செவுள் பிய்ந்தது. ஏழு வருடம் கடலைப் பார்க்காத ஜெசிந்தாவின் கை எந்தத் தயக்கமும் இல்லாமல் வேலை செய்தது. மலாவியில் ஏரி மீனவர்களின் மனைவிகளோடு அவருக்கு நட்பு உண்டானது சுவிசேஷத்தால் அல்ல, இந்தத் திருகலால் என்று பிறகு சொன்னார். அவர்கள் மீனை வேறு மாதிரி எடுப்பார்களாம். இவர் அதைக் கற்றுக்கொண்டு, தன்னுடையதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

மதியம் ஜெசிந்தா பெட்டியில் கொண்டுவந்த சோள மாவைக் கிண்டி மலாவியின் அன்றாட உணவைச் செய்து காட்டினார். வெள்ளையாக, கெட்டியாக, தட்டில் உட்கார்ந்தது. எல்லோரும் ஆவலோடு குனிந்தார்கள். பிலோமினா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது களியெல்லே!"

எனக்கும் அதுவே தோன்றியது. நான் சிறுவயதில் சாப்பிட்ட கேழ்வரகுக் களியின் வெள்ளை உடன்பிறப்பு. ஆனால் நண்டுக் குழம்போடு அதைச் சாப்பிட்டது இல்லை. அந்தக் குழம்பில் முருங்கை இலை கிடந்தது. அதன் காரத்தை எழுத்தில் கொண்டுவரும் திறமை எனக்கு இல்லை.

சாப்பிடுமுன் சந்திரன் கண்ணை மூடி ஜெபித்தார். மலாவி, இலங்கை, இந்தியா மூன்று நாட்டுக்கும் ஜெபித்தார். நான்காவதாக ஒரு நாடு வரும்போல இருந்தபோது அன்ரன் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நண்டு ஆறுது."

பிலோமினாவுக்கு எல்லாம் தெரியும். சந்திரன் கை கழுவி வந்ததும் கேட்டார்.

"நாளைக்குத் தர்மபுரம் போறியளோ?"

"ஓம் மச்சாள்."

"அண்ணரிட்ட என்ன சொல்லப்போறீர்?"

"ஜெபிச்சுக்கொண்டு இருக்கிறன்."

"ஜெபத்தைப் பிறகு வையும். முதல்ல போய்க் கதையும். ஜெபத்தாலதானே இவ்வளவும் வந்தது."

*

தர்மபுரம் முல்லைத்தீவிலிருந்து மேற்கே, பரந்தனுக்குப் போகும் சாலையில் இருக்கிறது. வழியில் போரில் தலையிழந்த பனைகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. பேருந்தில் இருந்த யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. ஒரு பெண் குழந்தைக்கு மயிலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

பேருந்து நிறுத்தத்தில் ஓட்டோ பிடித்தோம். ஓட்டுநருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும்.

"ஆர் வீட்டை போகவேணும்?"

"சிவலிங்கம் வீட்டுக்கு" என்றார் சந்திரன்.

"எந்தச் சிவலிங்கம்? மூண்டு பேர் இருக்கினம். ஸ்பீக்கர் சிவலிங்கமோ?"

சந்திரன் வெளியே பார்த்துக்கொண்டு, "ஓம், அவர்தான்" என்றார். அந்த ஒலிபெருக்கி போய் மூன்று வருடமாகியும் பெயர் ஊரிலேயே தங்கிவிட்டது.

இந்தக் குடும்பம் மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தது. எழுபதுகளின் கலவரத்துக்குப் பிறகு தப்பி வந்தபோது சிவலிங்கத்துக்கு ஏழு வயது. சந்திரன் இங்கே வந்த பிறகு பிறந்தவர். அதனால் ஒரே வீட்டில் இரண்டு தமிழ். தம்பி வன்னித் தமிழ் பேசுகிறார். அண்ணன் பேசுவது தோட்டத்துத் தமிழ், அதாவது ஏறக்குறைய எங்கள் பக்கத்துத் தமிழ். பிறகு அந்த வீட்டில், வெளிநாட்டு அந்நியர் ஒருவர் வாயைத் திறந்ததும் என் தெருவின் பேச்சு வந்தது. அதைக் கேட்டு எனக்கு ஒரு கணம் மயிர் கூச்செறிந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் கடல் தாண்டிப் போன பேச்சு அது.

சிவலிங்கத்தின் மனைவி இராசாத்தி வாசலுக்கு வந்தார். "வாங்க தம்பி. வா புள்ள. நீங்களும் வாங்கக்கா." ஏழு வருடம் நேற்று மாதிரி இருந்தது அந்த அழைப்பில். தேங்காய் ரொட்டியும் இடித்த மிளகாய்ச் சம்பலும் தயாராக இருந்தன. சந்திரனின் கண் வீட்டைச் சுற்றியது.

"அவரு வயலுக்குப் போயிருக்காரு. வருவாரு. சாப்பிடுங்க."

ரொட்டி முடியும் நேரத்தில் சிவலிங்கம் சைக்கிளில் வந்தார். ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். கிணற்றடியில் கை கால் கழுவினார். அவசரப்படவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்காராமல், தூணில் சாய்ந்து நின்று என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"நீங்கதான் புத்தகத்துல போட்டவங்களா?"

"ஆமாம், நான்தான்."

"நல்லது. ஆளப் பாத்தாச்சு." குரலில் கோபம் இல்லை. "ரொட்டி போதுமா? இன்னொண்ணு வைக்கச் சொல்லவா?"

வைத்தார்கள். சாப்பிட்டேன். மறுக்கும் தைரியம் இல்லை.

சந்திரன் எழுந்து நின்றார். "அண்ணே."

"உக்காரு. சாப்பிடுற எடத்துல எந்திரிக்காத." பிறகு அவரே பேசினார். பேச வேண்டியதை மூன்று வருடமாக அடுக்கி வைத்திருந்தவர் போல, ஒரு சொல் தவறாமல் பேசினார்.

"நான் குடிச்சேன். இல்லைன்னு சொல்லல. ஊருக்கே தெரியும், ஒனக்கும் தெரியும். ஆனா நீங்க புத்தகத்துல போட்டப்ப நான் விட்டு ஏழு மாசம். அந்த ஏழு மாசத்துல ஊரும் பாத்துச்சு. சரி, சிவலிங்கம் திருந்திட்டான்னு சொல்லிக்கிட்டாங்க. அந்த வருசம் என்னைய வட்டவிதானையாப் போடணும்னு பேச்சு வந்துச்சு."

வட்டவிதானை என்பது குளத்து நீரைப் பகிரும் பொறுப்பு. எந்த வாய்க்காலை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எத்தனை மணி நேரம் என்பதை அவர் சொல்ல வேண்டும். விவசாயிகள் தங்களுக்குள் நம்பிக்கையானவர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். தோட்டத்தில் கூலியாக இருந்த குடும்பத்திலிருந்து ஒருவரை அந்தப் பொறுப்புக்கு நினைத்தது அதுதான் முதல் தடவை என்று இராசாத்தி இடையில் சொன்னார்.

"அப்பத்தான் ஸ்பீக்கர் வந்துச்சு" என்றார் சிவலிங்கம். "வெளியூர்ல இருந்து வந்து மைக்குல சொல்றாங்க, சொந்தத் தம்பியே எழுதியிருக்கான். அப்ப இவன் திருட்டுத்தனமாக் குடிக்கிறான்போலன்னு ஊரு நெனைச்சுது. வேற ஆளப் போட்டாங்க. அவரு நல்ல மனுசன். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல."

"எனக்குத் தெரியாது அண்ணே" என்றார் சந்திரன். "நான் எழுதேக்குள்ள..."

"கேட்டியா?"

சந்திரன் ரொட்டித் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சரி, அதை விடு. அதுக்குப் பெறகு இன்னொண்ணு போட்டீங்கல்ல?"

போட்டோம். குடியை அண்ணன் விட்டுவிட்டார் என்று இராசாத்தி மூலம் தெரிந்ததும், எப்போது விட்டார் என்று கேட்காமலே சந்திரன் மகிழ்ச்சியோடு எழுதினார். ஜெபம் கேட்கப்பட்டது என்று வலது பக்கப் பத்தியில், 'துதிப்போம்' என்ற தலைப்பின் கீழ், நான் அதை அச்சிட்டேன். வாசகர்களிடமிருந்து நிறையக் கடிதம் வந்தது.

சிவலிங்கம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குடிச்சதையும் நீங்களே எழுதினீங்க. விட்டதையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க. எனக்குன்னு என்ன மிச்சம்?"

முற்றத்தில் கோழி கிளறும் சத்தம் கேட்டது. என் தொழில் வாழ்க்கையில் பல பேர் அலுவலகத்துக்கு வந்து மேசையைத் தட்டிக் கத்தியிருக்கிறார்கள். ஒரு பிழையை இவ்வளவு துல்லியமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். காரணத்தைச் சொன்னார். பிறகு, "இதை எழுதாதீங்க. இது என்னோடது" என்றார். எழுதவில்லை.

"நாளைக்கு வெவசாயிங்க கூட்டம்" என்று தம்பியிடம் சொன்னார். "மைக் இருக்கும். மைக்குல போனது மைக்குலதான் திரும்பி வரணும். நான் கேக்குறது அவ்வளவுதான்." சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

*

மாலை மூவரும் குளக்கட்டில் ஏறி நடந்தோம். ஏறும்வரை அது ஒரு மண்மேடு. ஏறியதும் கண் நிலைகொள்ளவில்லை. தட்டையான நிலத்தில், மலையோ பள்ளத்தாக்கோ இல்லாத இடத்தில், மனிதர்கள் மண்ணைக் குவித்து ஒரு கடலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மறுகரையில் எருமைகள் எறும்பளவு. நீரின் நடுவே பட்டுப்போன மரங்களில் நீர்க்காகங்கள். இந்தப் பக்கம் கட்டுக்குக் கீழே, நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக, அறுத்த வயல்கள். ஒரு மதகுக் கதவைத் திருகினால் அத்தனைக்கும் உயிர். அந்தத் திருகலுக்கு நம்பிக்கையான கை வேண்டும் என்பது அங்கே நின்றபோது புரிந்தது.

கணவனும் மனைவியும் சிச்சேவாவில் தொடங்கினார்கள். பாதியில் ஜெசிந்தா தமிழுக்கு மாறினார். நான் கேட்க வேண்டும் என்று நினைத்தார்போலும்.

"சொல்லுறதில என்ன கஷ்டம் உங்களுக்கு?"

"சொல்லலாம். நான் கேக்காமல் எழுதினது பிழை எண்டு சொல்லலாம்" என்றார் சந்திரன். "ஆனா அவர் முதலே விட்டிட்டார் எண்டு சொன்னா, அந்தத் துதியை வாசிச்ச சனத்துக்கு என்ன சொல்லுறது? அதை வைச்சு எத்தினை சபையில சாட்சி சொன்னனான். மலாவியில பாதிப் பேர் என்ர அண்ணற்ற கதையைக் கேட்டுத்தான் சபைக்கு வந்தவை."

நடந்தபடி யோசித்தார். திடீரென்று முகம் தெளிந்தது. "இப்பிடிச் சொல்லலாம். சனம் கேக்கிறதுக்கு முதலே கடவுள் குடுத்திட்டார் எண்டு..."

ஜெசிந்தா நின்றார்.

"அதையும் எடுக்காதேங்கோ."

"அது உண்மைதானே?"

"உண்மையா இருக்கலாம். அதை உங்கட அண்ணர் சொல்லட்டும், அவருக்கு அப்பிடித் தோன்றினா. நீங்கள் சொல்லாதேங்கோ. அந்த மனுசன் விட்டதை அவரிட்டயே விடுங்கோ."

மூவரும் கட்டின் கடைசி வரை நடந்து திரும்பினோம். நான் வழியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் சிவலிங்கத்திடம், இதழில் திருத்தம் வெளியிடப் போகிறேன், அதில் பெயர் போடலாமா என்று கேட்டேன். இந்த முறையாவது கேட்டேன்.

"போடுங்க" என்றார். "அப்பவும் போட்டீங்கல்ல."

*

கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில், காலை பத்து மணிக்கு. சிறுபோகத்துக்கான கூட்டம். மழை குறைந்த அந்தப் போகத்தில் குளத்து நீர் எல்லா வயலுக்கும் போதாது. அதனால் இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. குளத்துக்குக் கிட்ட இருக்கும் வயல்களை மட்டும் விதைப்பார்கள். ஆனால் அந்த வயல்களை அந்தப் போகத்துக்கு மட்டும் துண்டு போட்டு, கடைசி வாய்க்காலில் நிலம் வைத்திருப்பவர் உட்பட எல்லோருக்கும் பங்கு கொடுப்பார்கள். தன் வயலில் வேறு நான்கு பேர் விதைப்பதை மேல்வயல்காரர் பார்த்துக்கொண்டிருப்பார்.

இராசாத்தி இதை எனக்கு விளக்கியபோது இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். எங்கள் மாவட்டத்தில் ஒரு வாய்க்கால் தகராறுக்கு அண்ணன் தம்பிகள் நீதிமன்றப் படியில் முடி நரைத்ததை நான் செய்தியாக எழுதியிருக்கிறேன். மேல்வயல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த வயல்களைப் பகிர்வது என்பது ஐந்து நிமிடத்தில் முடிவானது. சண்டை வேறொருவருடைய மாடுகளைப் பற்றி வந்தது. அது நாற்பது நிமிடம் நடந்தது.

மாட்டுக்காரர் உட்கார்ந்ததும் சந்திரன் எழுந்து முன்னால் போனார். இப்போதைய வட்டவிதானை, நரைத்த மீசைக்காரர், மைக்கை அவரிடம் கொடுத்தார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "போதகரே, சுருக்கமா! வயிறு பசிக்குது."

சிரிப்பு எழுந்தது. சந்திரனும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவர் பேசியதை வரிக்கு வரி எழுதிக்கொண்டேன்.

"நான் முத்தையாவின்ர மகன் சந்திரன். மூண்டு வருஷத்துக்கு முதல் இந்த ஊரில என்ர அண்ணற்ற பேரை ஸ்பீக்கரில சொன்னவை. அதை எழுதினவன் நான். அண்ணரைக் கேக்காமல் எழுதினனான். அது அச்சில வரேக்குள்ள அண்ணர் குடியை விட்டு ஏழு மாசம். புத்தகத்தைப் பாத்து அவற்ற பேரைச் சொல்லி ஒருத்தரும் ஜெபிக்கிறதுக்கு முதலே விட்டிட்டார். பிறகு எங்கட ஜெபத்தாலதான் விட்டவர் எண்டும் எழுதினனான். அதுவும் பிழை. அவர் தானாத்தான் விட்டவர்."

அங்கே நிறுத்தினார். இன்னொரு வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்திருந்தது. எனக்கும் ஜெசிந்தாவுக்கும் அது என்ன என்று தெரியும். ஜெசிந்தா என் கையைப் பிடித்தார். சந்திரன் வாயை மூடி, மைக்கை மீசைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்.

மாட்டுக்காரர்தான் முதலில் பேசினார்.

"அப்ப மூண்டு வருஷமா அந்த மனுசனைச் சும்மாவே ஸ்பீக்கர் எண்டு கூப்பிட்டம்?"

"இனித் தம்பியை அப்பிடிக் கூப்பிடுவம்" என்றது பின்வரிசைக் குரல்.

இந்தச் சிரிப்பு மண்டபத்தை நிறைத்தது. சந்திரனின் காது சிவந்தது. முன்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த சிவலிங்கம் சிரிக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. முழங்காலில் கைகளை வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். சந்திரன் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

செயலாளர் ஒரு நீளமான பதிவேட்டைத் திறந்தார். பங்குக்குப் பெயர் கூப்பிடும் நேரம். கூப்பிடும்போது ஆள் இருக்கிறார் என்று அவரிடமிருந்தோ வீட்டார் ஒருவரிடமிருந்தோ பதில் வர வேண்டும். வராவிட்டால் அந்தப் போகத்தில் அந்தப் பெயருக்குப் பங்கு இல்லை. சில போகம் தொடர்ந்து பதில் வராவிட்டால் பெயரையே எடுத்துவிடுவார்களாம். பெயர்கள் வேகமாகப் போயின. ஓம். இருக்கிறன். ஓம். அப்பாவுக்குச் சுகமில்லை, மகள் வந்திருக்கிறன்.

"முத்தையா சிவலிங்கம்."

"இருக்கேன்."

"முத்தையா சந்திரன்."

என் பக்கத்தில் இருந்த சந்திரன் திடுக்கிட்டார். அப்பாவின் நிலத்துக்கான பதிவில் தன் பெயர் இன்னும் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அவர் வாயைத் திறக்குமுன் மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

"இருக்கான்."

செயலாளரின் பேனா தன் போக்கில் குறி போட்டது. நான் இராசாத்தியைப் பார்த்தேன். அவர் என் காதருகே குனிந்தார்.

"எல்லாக் கூட்டத்துலயும் இவருதான் சொல்லுவாரு. வருசத்துக்கு ரெண்டு தடவை. சொல்லாட்டி தம்பி பேரு போயிருமில்ல."

"இந்த மூன்று வருடமுமா? பேசாமல் இருந்தபோதுமா?"

"அது வேற, இது வேற" என்றார் இராசாத்தி, நான் கேட்டது விளங்காதவர் போல.

அடுத்த பெயருக்குப் போகவிருந்த செயலாளர் தலையை நிமிர்த்தினார். "அண்ணை, இந்த முறை ஆளே வந்து இருக்கிறாரே. அவரையே சொல்லச் சொல்லுங்கோ."

சந்திரன் எழுந்தார். ஐந்து நிமிடத்துக்கு முன் மைக்கில் ஒரு தடங்கலும் இல்லாமல் பேசியவருக்கு இப்போது குரல் வரவில்லை. செயலாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது, ஒருவரைத் தவிர. மூன்றாவது வரிசையில் உயர்ந்த கை இன்னும் இறங்கவில்லை.

"சொல்லுடா" என்றார் சிவலிங்கம், திரும்பாமலே. "மத்த ஆளுங்க காத்திருக்காங்க."